அக்கா பிள்ளைகளை யார் வளர்ப்பது? புதன்கிழமை கருமாதி

கேள்வி: 2025 பெப்ரவரி 9

அக்கா இறந்து இன்றோடு பதின்மூன்று நாள். சிறுநீரக வருத்தம், வயது 34. இரண்டு பிள்ளைகள். மகளுக்கு 10, ஐந்தாம் ஆண்டு, ஆகஸ்டில் ஸ்கொலசிப் (புலமைப்பரிசில் பரீட்சை) எழுத வேண்டும். மகனுக்கு 4. அத்தான் கட்டாரில் கட்டட வேலை. செத்த வீட்டுக்கு வந்தவர் 20ஆம் தேதி திரும்பிப் போகிறார். அவர் வெளிநாடு போனதிலிருந்து அக்கா எங்கள் அம்மாவோடுதான் இருந்தார், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். நான் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறேன். தங்கச்சி கட்டுநாயக்கவில் கார்மெண்டில்.

அத்தானின் அம்மாவும் அண்ணனும் பதுளைப் பக்கம். அவர்கள் மகனை மட்டும் கேட்கிறார்கள், "ஆம்பளப் புள்ள எங்க வாரிசு" என்று. கொழும்பில் இருக்கும் எங்கள் சின்னம்மா மகளைக் கேட்கிறார். புதன் கருமாதி, அன்றைக்கு இரவே கதைத்து முடிக்கப்போகிறார்கள். தாய்மாமனுக்குத்தானே உரிமை? பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். யாராவது விவரம் தெரிந்தவர் சொல்லுங்கள்.

பதில்: பெப்ரவரி 9, இரவு

தம்பி, உரிமைக் கதையைப் பிறகு பார்க்கலாம். பையன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அம்மா எங்கே என்று அழுதால் எழும்பப்போவது யார்? மகளின் தலையில் பேன் பார்ப்பது யார்? பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் அன்றைய வேலையை விட்டுவிட்டுப் போவது யார்? "நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்கிறீர்கள். நீங்கள் கொழும்பில், தங்கச்சி கட்டுநாயக்கவில். அப்படியென்றால் அந்த "நாங்கள்" உங்கள் அம்மா ஒரு ஆள்தான். அவரிடம் யாராவது கேட்டீர்களா?

இன்னொன்று. இரண்டு பேரையும் பிரிக்காதீர்கள். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

பெப்ரவரி 10

ஏன் என்றால், எங்களைப் பிரித்தார்கள்.

1983 மார்ச். கொட்டகலைக்குக் கிட்டிய தோட்டம். அக்காவுக்குப் பதின்மூன்று, எனக்கு ஒன்பது, தம்பிக்கு நாலு. அம்மா பத்து நாள் காய்ச்சலில் போனார். கருமாதி அன்று இரவு சொந்தக்காரர்கள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள், தோட்டத் தலைவர் நடுவில். நாங்கள் மூன்று பேரும் உள்ளே படுத்திருந்தோம். லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி, வெளியே கிசுகிசுத்தாலும் உள்ளே கேட்கும். அவர்கள் கிசுகிசுக்கவும் இல்லை.

அக்கா அப்பாவோடு, ஏனென்றால் சோறாக்க ஆள் வேண்டும். நான் நோர்வூட் பக்கம் பெரியம்மா வீட்டுக்கு. தம்பி பதுளை டவுனில் கடையில் நின்ற சித்தப்பாவுக்கு, அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இவ்வளவும் முடியக் கால் மணி நேரம். அப்புறம் மாட்டுக் கதை வந்தது. எங்களிடம் ஒரு பால் மாடும் கன்றும் இருந்தன. அதற்கு ஒரு மணி நேரம் கதைத்தார்கள். கடைசியில் ஒரு பெரியவர், "தாயையும் கன்னையும் பிரிச்சா பாவம், ரெண்டையும் ஒரே தொழுவத்துக்குக் குடுங்க" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். நான் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாவுக்கு ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். முட்டை அவித்தால் அவர்களுக்கு ஆளுக்கு ஒன்று, எனக்குப் பாதி. மூத்த அண்ணன் காரணமே இல்லாமல் தலையில் குட்டுவான். நான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போய் அழுவேன், அங்கே முகம் ஈரமாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஜூலையில் கலவரம். பதுளையில் கடைகள் எரிகின்றன என்ற செய்தி மட்டும் வந்தது. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரிய இரண்டு கிழமை ஆனது. அந்த இரண்டு கிழமையும் பெரியம்மா வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.

அக்காவின் பள்ளிக்கூடம் அந்தக் கருமாதி இரவோடு நின்றது. அதைப் பற்றி யாரும் கதைக்கக்கூட இல்லை, தானாகவே நின்றது.

பெப்ரவரி 10, பின்னேரம்

இங்கே பதில் போட்ட பண்டாரவளைக்காரர் ஒருவர், தேசவழமைப்படி பிள்ளை தாய்வழிக்குத்தான் என்று அடித்துச் சொல்கிறார். அண்ணன், தேசவழமை வடக்கு மாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்கு. கண்டியச் சட்டம் கண்டிச் சிங்களவருக்கு. மலையகத்தாருக்கு இரண்டும் இல்லை, ரோமன் டச்சு வழி வந்த பொதுச் சட்டம்தான். அதில் தாய் இறந்தால் உயிரோடிருக்கும் தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலர். தாய்மாமன் சீர் கொண்டுவரலாம், மடியில் வைத்துக் காது குத்தலாம், சட்டத்தில் அவருக்கென்று தனி நாற்காலி கிடையாது. தகப்பனைப் பெற்ற அப்பாயிக்கும் கிடையாது. சண்டை மாவட்ட நீதிமன்றம் வரைக்கும் போனால் பிள்ளையின் நலன் எங்கே என்றுதான் பார்ப்பார்கள். "வாரிசு" என்ற வார்த்தை அங்கே பெரிதாக எடுபடாது.

அதனால் வாய் திறக்க வேண்டியவர் அத்தான். விமானம் ஏறுமுன் பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போகிறேன் என்று ஒரு கடிதம் எழுதட்டும். கிராம சேவகருக்கு ஒரு பிரதி, பள்ளிக்கூட அதிபருக்கு ஒன்று. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் பார்த்துவிட்டுப் போகட்டும். கடிதத்தால் யாரும் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரியில் "நீங்க யாரு?" என்று கேட்கும்போது கையில் ஒன்று இருக்கும். சிக்கல் பெரிதானால் வக்கீலுக்குக் காசு இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

பெப்ரவரி 11

சின்னம்மா விஷயம். "கொழும்பில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன்" என்ற வாக்கை நம்பிக் கோச்சி (ரயில்) ஏறிய மலையகப் பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. வாக்கைக் காப்பாற்றியவர்களும் உண்டு. விடிய நாலு மணிக்கு எழுப்பிப் பானை கழுவ வைத்தவர்களும் உண்டு. சொந்தக்காரர் என்றால் இன்னும் வசதி, சம்பளமும் கொடுக்க வேண்டாம். பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் குறைந்த வயதை 14இலிருந்து 16 ஆக்கியதே 2021இல்தான். அதே ஆண்டு ஜூலையில் டயகமவிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன சிறுமி தீக்காயங்களோடு இறந்தாள். அதன் பிறகும் புரோக்கர்மார் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சின்னம்மாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தப் பள்ளிக்கூடம்? பெயரைச் சொல்லட்டும். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது எந்த அதிபர் ஐந்தாம் ஆண்டில் இடம் தருவார்?

பெப்ரவரி 11, கொஞ்ச நேரம் கழித்து

கடுமையாக எழுதிவிட்டேன். அந்தச் சின்னம்மா யார், எப்படிப்பட்டவர் என்று எனக்கென்ன தெரியும். செத்த அக்கா மகளின் பிள்ளை என்று உண்மையான பாசத்தோடும் கேட்டிருக்கலாம். கேள்வியைக் கேளுங்கள், முகத்தில் அடித்த மாதிரி கேட்காதீர்கள்.

பெப்ரவரி 13

கேள்வி கேட்ட தம்பி கருமாதி இரவின் விவரம் எழுதியிருக்கிறார். வீட்டு டிவி பதுளைக்குப் போய்விட்டதாம். பிள்ளைகள் கதை முடியவில்லை, டிவி கதை முடிந்துவிட்டது! எங்கள் மாடுதான் இந்தத் தலைமுறையில் டிவியாகப் பிறந்திருக்கிறது.

அக்காவின் சேமலாப நிதிப் பணம் யாருக்கு என்று ஒருவர் இரண்டு தடவை கேட்டாராம். சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டுச் சேர்ந்த காசு. அந்தப் பிள்ளைகளுடைய அம்மா மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்று சேர்த்தது. கேட்டவர் பிள்ளைகளை எடுக்கிறேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம்.

அத்தான் வாயே திறக்கவில்லை. மனைவியை மண்ணில் வைத்து இரண்டு கிழமைதான் ஆகிறது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடிதத்தை எழுதிவிட்டார், அது நல்லது.

கடைசியில் தலைவர், "ஸ்கொலசிப் முடியிற வரைக்கும் ரெண்டும் அம்மாயிகிட்டயே இருக்கட்டும், ஆகஸ்ட்ல மறுபடி ஒக்காருவோம்" என்று எல்லோரையும் எழுப்பிவிட்டாராம். அம்மாயி என்றது தம்பியின் அம்மாவை. நல்ல முடிவு. நான் நினைத்ததும் அதுதான்.

பெப்ரவரி 16

நல்ல முடிவு என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி நேற்று அம்மாவோடு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். அங்கே, யாரும் இல்லாத நேரம், அம்மா சொன்னாராம்: "என்னால ஏலாதுடா."

வயது 63. முழங்காலில் வலி. சேமலாப நிதியை எப்போதோ எடுத்து மகளின் வைத்தியத்துக்குச் செலவழித்தாயிற்று. பேர் விழுந்தால், அதாவது ஒரு முழு நாள் சம்பளம் போட்டால், இந்த 2025இல் 1,350 ரூபாய் என்ற கணக்கெல்லாம் பதிவுத் தொழிலாளிக்கு. இவர் கைக்காசுக்குக் கிலோக் கணக்கில் கொழுந்து எடுப்பவர், மலைக்குப் போகாத நாள் வெறுங்கை. பையனைப் பகலில் பிள்ளைக்காம்பராவில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், விடலாம், ஆயா பார்ப்பார். அதுவும் ஐந்து வயது வரைக்கும்தான். இரவுக்கு ஆயா கிடையாது.

கருமாதியில் அத்தனை பேர் முன்னால் ஒரு அம்மாயி எப்படி "ஏலாது" என்று சொல்வார்? பேரப்பிள்ளையைப் பாரம் என்று சொன்ன கிழவி என்று மேட்டு லயத்திலிருந்து பணிய லயம் வரைக்கும் பேச்சாகிவிடும். "அவரிடம் கேட்டீர்களா" என்று முதல் நாள் நான்தான் எழுதினேன். நாலாம் நாள் அந்தக் கேள்வியை நானே மறந்துவிட்டு நல்ல முடிவு என்று கைதட்டியிருக்கிறேன்.

பெப்ரவரி 17

நேற்றிரவு இன்னொரு யோசனை வந்திருக்கிறதாம். தங்கச்சியை அத்தானுக்கே கட்டிவைத்துவிட்டால்? "பெத்த தாய் மாதிரிப் பாத்துக்குவா."

வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் லயத்திலேயே அப்படிக் கட்டி நன்றாக வாழ்ந்த ஜோடி ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு 22 வயது. கட்டுநாயக்கவில் தன் காசு, தன் போர்டிங் அறை, தன் ஞாயிற்றுக்கிழமை என்று இருக்கிறாள். அவளுக்கு இது காதில் விழுந்திருக்கிறதா? ஆயாவுக்குச் சம்பளம் உண்டு, விடுமுறை உண்டு. இவளுக்கு அதுவும் இல்லாமல் ஒரு புருஷனும் சேர்த்துக் கொடுக்கப் பார்க்கிறார்கள், அவரும் கட்டாரில்.

அவள் சரி என்று தானாகச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பெப்ரவரி 17, இரவு

அவள் சொல்லிவிட்டாளாம். சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. சரி, அது முடிந்தது.

மார்ச் 2

நான் எழுதியதையெல்லாம் ஹட்டனுக்குப் போய் என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மாடு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கன்னு எங்கடி இருந்துச்சு அப்போ? மாடு சினையா இருந்துச்சு."

தாயையும் கன்றையும் பிரிக்கக் கூடாது என்று சொன்ன பெரியவர்?

"அப்பிடி யாருஞ் சொல்லல. மாட்ட வித்து ஆஸ்பத்திரிக் கடன அடைச்சாங்க. சினை மாடுங்கறதால நல்ல வெல வந்துச்சு."

நாற்பத்திரண்டு வருஷமாக நான் சொல்லிவரும் கதை. என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை பள்ளிக்கூட விழாவில் மைக்கைப் பிடித்துக்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் அழுதார்கள். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அந்தப் பெரியவரின் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அப்போது பதின்மூன்று, எனக்கு ஒன்பது. அவள் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும். மேலே எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

முட்டைக் கதைக்கும் அடி விழுந்தது. வீட்டில் அவித்தது ஐந்து முட்டைதான். பெரியம்மா மூத்த மகனுடையதை நூல் வைத்து அறுத்துப் பாதியை எனக்கு வைப்பாராம். அவன் என் தலையில் குட்டியது அதற்குத்தான். "உனக்கெப்படித் தெரியும்?" என்றேன். பெரியம்மா கடைசியில் படுக்கையில் கிடந்தபோது பார்த்தது அக்காதான், அப்போது சொன்னாராம். பெரியம்மாவைப் பார்க்க அந்த ஐந்து பிள்ளைகளில் ஒருவரும் வரவில்லையா என்று கேட்டேன். நீயும்தான் வரவில்லை என்றாள்.

மார்ச் 4

இன்று என் சொந்தத் தம்பியின் முறை. போனில் அரை மணி நேரம்.

"பிரிச்சாங்க பிரிச்சாங்கன்னு என்னையும் சேத்து எழுதாத. எனக்கு நாலு வயசு. எனக்கு அம்மான்னா சித்திதான்." கலவரத்தில் பக்கத்துச் சிங்கள பேக்கரிக்காரர் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் அவர்களை இரண்டு இரவு வைத்திருந்தாராம். அதில் அவனுக்கு நினைவிருப்பது சூடான பாணின் வாசம் மட்டும். நான் இங்கே செத்துச் செத்துப் பிழைத்த இரண்டு கிழமையில் அவன் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான்!

அப்போ பெப்ரவரி 9 அன்று நான் போட்ட "பிரிக்காதீர்கள்"? இன்னும் நிற்கிறது, கொஞ்சம் நொண்டியபடி. தம்பியைப் பிரித்தது எனக்கு நடந்தது, அவனுக்கு நடக்கவில்லை. தலவாக்கலைப் பையனை நாளைக்குப் பதுளைக்குக் கொண்டுபோனால் ஒரு வருஷத்தில் அவன் அப்பாயியை அம்மா என்று கூப்பிடலாம். மகளுக்குப் பத்து வயது, அவளால் அப்படி முடியாது.

சேர்ந்தே இருந்தாலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பையன் இப்போதே அக்காவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறானாம். அம்மாயிக்கு ஏலாது என்றால் யார் எழும்புவது? அவள்தான். எங்கள் வீட்டில் பதின்மூன்று வயதில் அக்காவை அம்மாவாக்கினார்கள். இங்கே பத்து வயதில். ஸ்கொலசிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தம்பியைத் தட்டிக்கொடுக்கிறாள் என்று கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார், பாசம் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மார்ச் 23

"தாய்மார் வெளிநாடு போவதால்தான் பிள்ளைகள் இப்படிச் சீரழிகின்றன" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இந்த வீட்டில் வெளிநாடு போனது தகப்பன். முழுக்க வாசித்துவிட்டு எழுதுங்கள்.

2013இல் ஒரு விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போக முடியாது. மற்றவர்களும் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று குடும்பப் பின்னணி அறிக்கை காட்ட வேண்டும். பொருளாதாரம் விழுந்த 2022இல் அதைத் தளர்த்தினார்கள். தகப்பன்மாருக்கு அப்படியொரு அறிக்கை எப்போதும் இருந்ததில்லை. இந்த அத்தான் கட்டார் போனபோது, வீட்டில் நோயாளி மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்களே, யார் பார்ப்பார் என்று எந்த மேசையிலும் யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 2

பிள்ளைகள் இல்லத்தில் விடலாமே, சாப்பாடு படிப்பு எல்லாம் இலவசம் என்று ஒரு யோசனை. நல்ல மனத்தோடு சொல்கிறார், தெரிகிறது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புக் கொள்கையே இல்லத்தைக் கடைசி வழி என்றுதான் சொல்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்தபோது, காலையில் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்து பார்த்தால் லயம் இருந்த இடத்தில் சேறு. அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. இந்த இரண்டு பேருக்கும் சொந்தம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, அதுதான் பிரச்சினையே.

ஏப்ரல் 15

சித்திரைப் புத்தாண்டு. விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, வேண்டாதவர்கள் தாண்டிப் போங்கள்.

வீட்டுக்கு மாமா ஒருவர் வந்திருந்தார், எழுபதைத் தாண்டியவர். உண்மையில் அவர் எங்கள் அம்மாயியின் தங்கை மகன். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்தில், தோட்டத்து மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பங்கு போட்டார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி. அம்மாயியின் தங்கை குடும்பம் இந்தியாப் பங்கில் விழுந்தது. இந்த மாமாவை மட்டும் சின்ன வயதிலிருந்தே அம்மாயி வளர்த்ததால், விண்ணப்பத்தில் அம்மாயி குடும்பத்தோடு பதிந்திருந்தார்கள். அவர் இலங்கை, அவருடைய தாய் இந்தியா. தலவாக்கலை ஸ்டேஷனில் ஒப்பாரிக் கோச்சி கிளம்பியது. தலைமன்னார், கப்பல், இராமேசுவரம், அப்புறம் கூடலூர். தாயை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"என்னைய யாரும் குடுக்கவும் இல்ல, யாரும் எடுக்கவும் இல்ல. பாரத்துல பேரு விழுந்துருச்சு, அவ்வளவுதான்" என்றார், பலகாரத்தை மென்றுகொண்டே.

மே 18

திருப்பம். பதுளை அப்பாயி பையோடு வந்து இறங்கியிருக்கிறார்.

பேரனைப் பார்த்துவிட்டு ஒரு கிழமையில் போகிறேன் என்று வந்தவர் மூன்றாவது கிழமையும் போகவில்லையாம். மகன் வீட்டில் மருமகளுக்கும் அவருக்கும் ஆகாது என்பது இப்போதுதான் மெல்ல வெளியே வருகிறது. பேரனை எடுத்துக்கொண்டு போக வந்தாரா, தான் இருக்க ஒரு இடம் தேடி வந்தாரா? இரண்டும் இருக்கலாம், எனக்கு அதில் தப்பில்லை. பகலில் அப்பாயி சமைக்கிறார், பையனைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து கூட்டி வருகிறார். அம்மாயி மலைக்குப் போகிறார். இரவில் பையன் எழுந்தால் அப்பாயி எழும்புகிறார், அவருக்கு எப்படியும் தூக்கம் இல்லை. மகள் தனியாகப் பாயைப் போட்டு விடிய விடியத் தூங்குகிறாளாம்.

பெப்ரவரியிலிருந்து நான் இவ்வளவு எழுதியிருக்கிறேன், இன்னும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்றே கதைத்தோம். பெரியவர் ஒருவர் இடம் மாறலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 8

அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டேனோ என்னவோ. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் இரண்டு சம்பந்திகள். அப்பாயி குழம்புக்குத் தேங்காய் அதிகம் போடுகிறாராம், அம்மாயி மிளகாய் அதிகம் போடுகிறாராம். ஒருவர் மற்றவரோடு நேராகக் கதைப்பதில்லை, பையன் வழியாகத்தான். "அம்மாயிகிட்ட சொல்லு, வெறகு தீந்துருச்சுன்னு." பையன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் செய்தியைத் திருத்திச் சொல்லப் பழகிவிட்டான். பெரிய ஆளாகி யூனியனில் சேர்வான்.

காசு விஷயம்: அத்தான் இப்போது மாதா மாதம் அம்மாயி பேருக்கே அனுப்புகிறாராம். தம்பி கொழும்பிலிருந்து 10,000. பதுளை அண்ணன் கோபத்தில் இருக்கிறார், அம்மாவையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று.

ஆகஸ்ட் 11

நேற்றுப் பரீட்சை முடிந்தது. சுமாராகச் செய்தாளாம். சொன்னபடி தலைவர் மறுபடி உட்கார வைத்திருக்கிறார். இந்தத் தடவை பிள்ளைகள் உள்ளே இல்லை. மகளை இஸ்தோப்புக்குக் கூப்பிட்டு, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டாராம். அவள் யாரோடு இருப்பேன் என்று சொல்லவில்லை. "டிவியத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்றாளாம்.

அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. அத்தான் டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்து வருகிறார், வந்த பிறகு மறுபடி பார்க்கலாம் என்று கலைந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 17

டிவி வந்துவிட்டது. பதுளைப் பெரியப்பாவே கம்பளியில் சுற்றிப் பொடி மெனிக்கே கோச்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அம்மாவுக்கு ஒரு சீலை, பிள்ளைகளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த கோச்சியில் திரும்பிவிட்டார். இப்போது ஏழரை மணிக்கு எந்த நாடகம் என்பதில் சம்பந்திகள் நேராகவே சண்டை போடுகிறார்களாம்.